ஓப்பன்எஸ்எஸ்எல் ஓட்டை அறிவிப்பு வந்த அன்று: சிறிய அலுவலகங்களுக்கும் சி எழுதுபவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் இப்போது சர்வர் இல்லாத தொழிலைக் காண்பது அரிது. நாகர்கோவிலில் மருத்துவமனை பில்லிங், மார்த்தாண்டத்தில் மொத்த வியாபாரியின் கணக்கு, குளச்சலில் ஐஸ் பிளான்ட்டின் கேமரா ரெக்கார்டர், குலசேகரத்தில் ரப்பர் ஷீட் எடுக்கும் கடையின் ரவுட்டர் என எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு குறியாக்க லைப்ரரி (தரவைப் பூட்டி அனுப்பும், பூட்டியதைத் திறக்கும் கோடுத் தொகுப்பு) இருக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல், குனுடிஎல்எஸ், என்எஸ்எஸ், எம்பெட் டிஎல்எஸ், உல்ஃப்எஸ்எஸ்எல் இவற்றில் ஏதோ ஒன்று. எல்லாமே சி மொழியில் எழுதப்பட்டவை.

இவற்றில் ஓட்டை என்று செய்தி வந்தால், யாரோ குறியாக்கத்தையே உடைத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது குறைவு. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2021-ல் குறியாக்க லைப்ரரிகளின் பழைய ஓட்டைகளை வகை பிரித்துப் பார்த்தார்கள். குறியாக்கம் சார்ந்த தவறுகள் 27.2 சதவீதம், மெமரியைக் கையாள்வதில் வந்த தவறுகள் 37.2 சதவீதம். கணிதம் சரியாக இருக்கும். வெளியிலிருந்து வரும் பாக்கெட்டையும் சர்டிபிகேட்டையும் (எதிர்ப்பக்கம் யார் என்று காட்டும் டிஜிட்டல் சான்றையும்) பிரித்துப் படிக்கிற இடத்தில், ஒரு நீளத்தைச் சரிபார்க்காமல் விட்டிருப்பார்கள். வெளியாள் சொன்ன நீளத்தை அளந்து பார்க்காமல் நம்பியதுதான் இந்தத் துறையின் மிகப் பெரிய விபத்துகளுக்கு வேர்.

முதல் பாதி, அலுவலக சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு. பின்பாதி, இந்த லைப்ரரிகளை அழைத்து சி கோடு எழுதும் மாணவர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும். கட்டளைகளை போனில் சொல்வதுபோல் உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எட்டே பைட்டில் நடந்தது

ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையை ஒருமுறை பைட் பைட்டாகப் பார்த்துவிட்டால், அதன் பிறகு வந்த பல ஓட்டைகள் தானாகவே புரியும். எண் சிவிஇ-2014-0160 (சிவிஇ என்பது ஒவ்வொரு ஓட்டைக்கும் தரப்படும் பொது அடையாள எண்), வெளியானது 2014 ஏப்ரல் 7. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்தது, 1.0.1ஜி-யில் சரிசெய்யப்பட்டது.

டிஎல்எஸ் (இணையத்தில் தரவைப் பூட்டி அனுப்பும் முறை) இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஹார்ட்பீட் என்றொரு வசதி உண்டு. ஒரு பக்கம் கொஞ்சம் தரவை அனுப்பும், மறுபக்கம் அதையே திருப்பி அனுப்ப வேண்டும். தாக்குபவர் அனுப்பியது இந்த எட்டு பைட்கள்தான் (தசம எண்களில்):

24, 3, 2, 0, 3, 1, 255, 255

24 என்றால் இது ஹார்ட்பீட் ரெக்கார்டு. 3, 2 என்பது டிஎல்எஸ் 1.1. அடுத்த 0, 3 தான் ரெக்கார்டின் உண்மையான நீளம், அதாவது மூன்று பைட். அந்த மூன்றில் முதலாவது 1: "இது கோரிக்கை". மீதி இரண்டும் 255, 255: "என் தரவு 65,535 பைட் நீளம்". தரவு என்று ஒரு பைட்கூட உள்ளே இல்லை. பழைய கோடு ரெக்கார்டின் நீளத்தோடு இதை ஒப்பிடவே இல்லை. 65,535 பைட்டை மெம்காப்பி செய்து (மெமரியிலிருந்து அப்படியே நகலெடுத்து) பதிலாக அனுப்பியது. பஃபருக்கு (வந்த தரவுக்கு ஒதுக்கிய மெமரித் துண்டுக்கு) அப்பால் சர்வரின் மெமரியில் என்ன கிடந்ததோ அதெல்லாம் வெளியே போனது: குக்கி, பாஸ்வேர்டு, சில நேரம் சர்வரின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயின் பகுதிகள்.

சரிசெய்த விதத்தின் சாரம் ஒரே ஒரு ஒப்பீடு. வகைக்கு 1, நீளத்துக்கு 2, தரவு, கடைசி நிரப்புக்கு 16 பைட். இவற்றின் கூட்டுத்தொகை ரெக்கார்டின் நீளத்தைத் தாண்டினால் பதில் சொல்லாமல் விட்டுவிடு.

அறிவிப்பில் முதலில் தேட வேண்டியது

பதற்றத்தோடு எல்லா சர்வரையும் நிறுத்துவதற்கு முன் அறிவிப்பை முழுதாகப் படியுங்கள். முதல் கேள்வி: இது மெமரியைப் படிக்கும் ஓட்டையா, எழுதும் ஓட்டையா? அதிகமாகப் படிக்கும் ஓட்டை என்றால் ரகசியம் கசியும், எனவே கீ மாற்ற வேண்டிவரும். எல்லை தாண்டி எழுதும் ஓட்டை என்றால் வேறொருவரின் கோடு உங்கள் மெஷினில் ஓடும் வாய்ப்பு உண்டு. அப்போது அந்த மெஷினையே சந்தேகிக்க வேண்டும். இரட்டை ஃப்ரீ (ஒரே மெமரியை இருமுறை விடுவிப்பது), விடுவித்த மெமரியைத் தொடுவது போன்றவை பெரும்பாலும் சர்வீஸை விழவைக்கும். அதோடு நிற்காமல் கோடு ஓடும் நிலைக்குப் போனவையும் உண்டு.

இரண்டாவது கேள்வி: யார் அதைத் தூண்ட முடியும்? இதைப் படிக்காமல் விடுவதால்தான் பாதி வீண் ஓட்டம். 2022 நவம்பர் 1-ல் வந்த சிவிஇ-2022-3602-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.0 முதல் 3.0.6 வரை பாதிப்பு, 3.0.7-ல் சரியானது. சர்டிபிகேட்டில் வரும் மின்னஞ்சல் முகவரியைப் பிரிக்கும்போது நான்கு பைட் எல்லை தாண்டி எழுதும். முதலில் "மிக அபாயம்" என்று முன்னறிவித்தார்கள். வெளியிட்ட அன்று "அதிக அபாயம்" என்று ஒரு படி குறைத்தார்கள். ஒரு சர்வர், இணைபவரிடம் சர்டிபிகேட் கேட்கும்படி அமைத்திருந்தால்தான் அந்த சர்வருக்கு இது பொருந்தும். நாகர்கோவிலில் ஓடும் சாதாரண கடை வெப்சைட் எதுவும் வாடிக்கையாளரிடம் சர்டிபிகேட் கேட்பதில்லை. ஆனால் அதே மெஷினிலிருந்து வெளியே போய் வேறு சர்வருடன் பேசும் புரோகிராம் இருந்தால், அது க்ளையன்ட் என்ற முறையில் பாதிக்கப்படும்.

மூன்றாவதாக, உங்கள் பிராசஸரும் பில்டும் அந்த வழியைப் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். சிவிஇ-2022-2274 ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.4-ல் மட்டும் இருந்தது, அதுவும் ஏவிஎக்ஸ்512 ஐஎஃப்எம்ஏ வசதியுள்ள 64 பிட் பிராசஸரில் 2048 பிட் ஆர்எஸ்ஏ கீயைப் பயன்படுத்தும்போது. 3.0.5 இரண்டே வாரத்தில் வந்தது. லிப்ஜிகிரிப்ட் என்ற இன்னொரு லைப்ரரியின் 1.9.0-ம் இப்படித்தான்: 2021 ஜனவரி 19-ல் வெளியானது, 29-ல் 1.9.1 கொண்டுவந்து மூடினார்கள். கையொப்பம் சரிபார்ப்பதற்கு முன்பே, வெறுமனே டிகிரிப்ட் செய்யும்போதே ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) உடையும் மோசமான ஓட்டை அது, பழைய 1.8 வரிசையில் அது இல்லை. புதிது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. நீண்டகால ஆதரவு உள்ள வரிசையில் நிற்பதே சிறு அலுவலகத்துக்கு நல்லது.

ஒரு மெஷினில் எத்தனை பிரதி இருக்கிறது?

ஒன்றுதான் இருக்கும் என்று நினைப்பதில்தான் வேலை கெட்டுப்போகிறது. ஒரே சர்வரில் நான்கைந்து ஓப்பன்எஸ்எஸ்எல் இருப்பது சாதாரணம்.

லினக்ஸில் "ஓப்பன்எஸ்எஸ்எல் வெர்ஷன் மைனஸ் ஏ" என்று கேட்டால் சிஸ்டத்தின் பிரதியும் அதை பில்ட் செய்த தேதியும் தெரியும். இது முதல் பிரதி மட்டுமே. நோட் ஜேஎஸ் தனக்கென ஒன்றை உள்ளேயே வைத்திருக்கும். அதன் ப்ராசஸ் டாட் வெர்ஷன்ஸ் பட்டியலில் எண் தெரியும். பைத்தானில் எஸ்எஸ்எல் மாட்யூல் ஒரு பிரதியைக் காட்டும். பிப் மூலம் போட்ட கிரிப்டோகிராஃபி பேக்கேஜ் தனியாக இன்னொன்றைத் தன்னோடு கட்டிக்கொண்டு வரும். ஆப்ட் அப்கிரேட் கொடுத்தால் பிப் கொண்டுவந்த இந்தப் பிரதி மாறாது. பிப் வழியாகத்தான் மாற்ற வேண்டும். டாக்கர் இமேஜ் ஒவ்வொன்றிலும் அதற்கான பிரதி தனி. கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்வதால் பயனில்லை, இமேஜைப் புதிதாகக் கட்டி இறக்க வேண்டும். ஜாவாவும் கோவும் டிஎல்எஸ்ஸைத் தங்கள் மொழியிலேயே எழுதி வைத்திருப்பதால் பொதுவாகத் தப்பும். டாம்கேட்டில் நேட்டிவ் லைப்ரரி சேர்த்திருந்தால் மட்டும் பாருங்கள்.

விண்டோஸில் எக்ஸாம்ப் (அப்பாச்சி, பிஎச்பி எல்லாம் சேர்ந்த தொகுப்பு) போட்டு பில்லிங் ஓட்டும் கடைகள் மார்த்தாண்டம், தக்கலை பக்கம் நிறைய. அங்கே சி டிரைவ் முழுக்க லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ என்று தொடங்கும் டிஎல்எல் கோப்புகளைத் தேடுங்கள். அப்பாச்சி அடைவில் ஒன்று, பிஎச்பி அடைவில் ஒன்று, கிட் போட்டிருந்தால் அதில் ஒன்று, பழைய பேக்கப் போல்டரில் ஒன்று கிடைக்கும். கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று போனால் எண் இருக்கும். புதிய டிஎல்எல்லை இறக்கி பழைய பெயரை வைத்து ஒட்டும் வேலை வேண்டாம். 1.1.1-க்கும் 3.0-க்கும் உள்ளமைப்பு வேறு. புரோகிராம் எழாது, எழுந்தாலும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. பேக்கேஜை முழுதாக மாற்றுங்கள்.

லைப்ரரியை உள்ளே விழுங்கிய, அதாவது ஸ்டாடிக்காக இணைத்த புரோகிராம்களை எல்டிடி (ஒரு புரோகிராம் எந்த லைப்ரரிகளை அழைக்கிறது என்று பட்டியலிடும் கட்டளை) காட்டாது. அதற்கு "ஸ்ட்ரிங்ஸ்" கட்டளையில் அந்தப் புரோகிராமைக் கொடுத்து, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சொல்லைக் கிரெப் கட்டளையால் தேடுங்கள். "ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1இ 11 பிப் 2013" என்பதுபோல் எண்ணும் தேதியும் சேர்ந்த வரி வந்தால், உள்ளே இருப்பது அதுதான்.

கேமரா ரெக்கார்டரிலும் ரவுட்டரிலும் நம்மால் எதையும் மாற்ற முடியாது, ஃபர்ம்வேர் வந்தால்தான் உண்டு. தயாரிப்பாளர் ஃபர்ம்வேர் தருவதை நிறுத்தியிருந்தால், மோடத்தில் போர்ட் ஃபார்வேர்டிங்கை இன்றே எடுத்துவிடுங்கள். வெளியூரிலிருந்து முதலாளி கேமரா பார்க்க வேண்டும் என்றால் விபிஎன் வழியாகப் பார்க்கட்டும்.

பதிப்பு எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்

உபுண்டுவும் டெபியனும் பெரும்பாலும் புதிய பதிப்பைக் கொண்டுவருவதில்லை. பழைய பதிப்பிலேயே அந்தத் திருத்தத்தை மட்டும் ஒட்டுவார்கள். உபுண்டு 22.04-ல் எப்போது கேட்டாலும் 3.0.2 என்றே சொல்லும். 3602 ஓட்டைக்கான திருத்தம் அங்கே வந்தது 3.0.2-0உபுண்டு1.7 என்ற பேக்கேஜில். பார்க்க வேண்டியது அந்த வால் எண்ணை. ஆடிட்டுக்கு வருபவர்கள் ஸ்கேனரை ஓட்டி "3.0.2 இருக்கிறது, பாதிப்பு" என்று சிவப்பில் அறிக்கை தருவார்கள். அப்போது "ஆப்ட் சேஞ்ச்லாக் லிப்எஸ்எஸ்எல்3" கொடுத்து, அதில் அந்த சிவிஇ எண் உள்ள வரியைக் காட்டுங்கள். ரெட்ஹேட் வகையில் "ஆர்பிஎம் மைனஸ் க்யூ சேஞ்ச்லாக் ஓப்பன்எஸ்எஸ்எல்" அதே வேலையைச் செய்யும்.

ஆதரவு முடிந்த வரிசைகளுக்குத் திருத்தம் பொதுவெளியில் வராது. 1.0.2 2019 டிசம்பர் 31-ல் முடிந்தது, 1.1.1 2023 செப்டம்பர் 11-ல் முடிந்தது. 3.0 வரிசைக்கு 2026 செப்டம்பர் 7 வரை. 2025 ஏப்ரலில் வந்த 3.5-க்கு 2030 ஏப்ரல் 8 வரை ஆதரவு உண்டு. ஓஎஸ் நிறுவனம் தனியாக நீட்டித்துத் தந்தால் அது வேறு கணக்கு.

அப்டேட் செய்தால் பாதி வேலைதான்

நேரத்தை முதலில் குறியுங்கள். மருத்துவமனை என்றால் ஓபி முடிந்த இரவு. மேற்கே மார்த்தாண்டம் பக்கம் என்றால் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும் ஞாயிறு. நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். ஆனி, ஆடி சாரலிலும் ஐப்பசி மழையிலும் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூபிஎஸ் பேட்டரி அரை மணி நேரமாவது தாங்குமா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பேக்கேஜ் பாதியில் நின்றுவிட்டால் "டிபிகேஜி கான்ஃபிகர் மைனஸ் ஏ" கொடுத்து விட்ட இடத்திலிருந்து முடிக்கலாம்.

இனி முக்கியமான இடம். லைப்ரரி கோப்பு டிஸ்கில் மாறினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் பழைய கோப்பைத்தான் மெமரியில் பிடித்திருக்கும். மாதக்கணக்கில் ரீஸ்டார்ட் ஆகாத சர்வரில், அப்டேட் செய்த பிறகும் ஓட்டை திறந்தே கிடக்கும். கண்டுபிடிக்க ரூட்டாக நுழைந்து, ப்ராக் அடைவின் கீழ் எல்லா மேப்ஸ் கோப்புகளிலும் லிப்எஸ்எஸ்எல், லிப்கிரிப்டோ என்று கிரெப் செய்யுங்கள். வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் "டெலிட்டட்" என்று வந்தால், அந்தப் பிராசஸ் அழிக்கப்பட்ட பழைய லைப்ரரியில் ஓடுகிறது. உபுண்டு சர்வரில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி இதையே பட்டியலாகத் தரும்.

என்ஜின்எக்ஸில் ரீலோட் போதாது. ரீலோட் கொடுத்தால் பழைய மாஸ்டர் பிராசஸ் அப்படியே இருந்து, அதிலிருந்துதான் புதிய வொர்க்கர்கள் பிறக்கும். பழைய லைப்ரரி அவற்றுக்கும் போகும். ரீஸ்டார்ட் கொடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், போஸ்ட்கிரே எஸ்க்யூஎல், ஓப்பன்விபிஎன் இவற்றையும் மறக்க வேண்டாம். எது எதை ரீஸ்டார்ட் செய்வது என்று குழம்பினால் மெஷினையே ரீபூட் செய்வதில் தவறில்லை. முடிந்ததும் அதே கிரெப்பை மறுபடி ஓட்டிப் பாருங்கள். "டெலிட்டட்" என்று முடியும் ஒரு வரியும் வரக் கூடாது.

கசிந்திருக்கலாம் என்றால் கீயை மாற்றும் வரிசை

ஹார்ட்பிளீட் வகை ஓட்டையில் அப்பாச்சி லாக்கிலோ என்ஜின்எக்ஸ் லாக்கிலோ எந்தத் தடமும் விழாது. கோரிக்கை டிஎல்எஸ் அடுக்கிலேயே முடிந்துவிடும், வெப் சர்வர் வரை ஏறி வராது. "லாக்கில் ஒன்றும் இல்லை, அதனால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை" என்ற வாதம் செல்லாது. 2014 ஏப்ரலில் கனடாவின் வருமான வரித் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இந்த வழியில் போயின. அதே மாதம் க்ளவுட்ஃப்ளேர் ஒரு சோதனை சர்வரைத் திறந்து வைத்து, முடிந்தால் பிரைவேட் கீயை எடுங்கள் என்று சவால் விட்டபோது அன்றே எடுத்துக் காட்டினார்கள்.

வரிசை தப்பக் கூடாது. முதலில் திருத்தம், அடுத்து ரீஸ்டார்ட், அதற்குப் பிறகுதான் புதிய பிரைவேட் கீ. அந்தக் கீயிலிருந்து புதிய சிஎஸ்ஆர் (சர்டிபிகேட் கேட்டு அனுப்பும் கோப்பு), அதற்குப் புதிய சர்டிபிகேட், அதை நிறுவி சோதித்த பின் பழைய சர்டிபிகேட்டை ரத்து செய்தல். ரத்து செய்யும்போது காரணம் "கீ காம்ப்ரமைஸ்" என்று தேர்ந்தெடுங்கள். பிறகு லாகின் செஷன்களை எல்லாம் காலி செய்து, கடைசியாகப் பாஸ்வேர்டுகள். ஓட்டையை மூடுவதற்கு முன்பே ஊழியர்களிடம் "எல்லாரும் பாஸ்வேர்டு மாற்றுங்கள்" என்று சொன்னால், புதிய பாஸ்வேர்டையும் கசியும் மெமரிக்குள் நாமே கொண்டுபோய்ப் போடுகிறோம். பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ் கேட்வே, டேட்டாபேஸ் இவற்றின் ரகசியச் சொற்களும் அதே பிராசஸின் மெமரியில் இருந்தவைதான். அவற்றையும் மாற்ற வேண்டும்.

சர்டிபிகேட் விற்கும் கம்பெனியின் பேனலில் "ரீஇஷ்யூ" அழுத்தி, கையில் இருக்கும் பழைய சிஎஸ்ஆரையே ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. சர்டிபிகேட் புதிதாக வரும், தேதி புதிதாக இருக்கும், கீ மட்டும் கசிந்த அதே கீ. சோதிப்பது எளிது: பழைய, புதிய இரண்டு சர்டிபிகேட்டிலிருந்தும் பப்ளிக் கீயை எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஷா256 ஹாஷ் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை நடக்கவில்லை. செர்ட்பாட் பயன்படுத்துபவர்களுக்கு ஒவ்வொரு புதுப்பித்தலிலும் புதிய கீ தானாக வரும், "ரீயூஸ் கீ" என்று யாரும் அமைத்து வைக்காத வரை.

ஆடிட்டர் அலுவலகங்களில் ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் வைத்திருக்கும் டிஜிட்டல் கையொப்ப யூஎஸ்பி டோக்கன் பற்றியும் கேட்பார்கள். அதன் பிரைவேட் கீ டோக்கனை விட்டு வெளியே வராது, அதனால் கம்ப்யூட்டர் மெமரி கசிந்தாலும் கீ போகாது. ஆனால் டோக்கனைத் திறக்கத் தட்டும் ரகசிய எண் (பின் நம்பர்) கம்ப்யூட்டர் வழியாகப் போவதால், மெஷின் சந்தேகத்துக்குரியது என்றால் அந்தப் பின் நம்பரை மாற்றிவிடுங்கள்.

ஊடுருவல் நடந்திருந்தால், அது கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்கு) தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு. லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் அதில்தான் இருக்கிறது. எனவே சந்தேகத்துக்குரிய மெஷினை அவசரப்பட்டு ஃபார்மேட் செய்யாதீர்கள். டிஸ்க்கை இமேஜ் எடுத்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

லைப்ரரியை அழைக்கும் கோடில் நாமே போடும் ஓட்டை

லைப்ரரி சரியாக இருந்தும் அழைக்கும் விதத்தில் மெமரி உடைவது உண்டு. மாவட்டத்தின் பொறியியல் கல்லூரி புராஜெக்ட்களை எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை.

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் பூட்டிய தரவைத் திறக்கும் ஃபங்ஷனான இவிபி டிக்ரிப்ட் அப்டேட்டுக்குக் கொடுக்கும் வெளியீட்டு பஃபர், உள்ளீட்டின் நீளத்தோடு ஒரு பிளாக்கும் சேர்த்து இருக்க வேண்டும். ஏஇஎஸ் சிபிசியில் பிளாக் 16 பைட். ஒரு அழைப்பில் 1,000 பைட் கொடுத்தால் 1,016 ஒதுக்குங்கள். உள்ளீட்டுக்குச் சமமாக ஒதுக்கினால் நூறு தடவை ஓடும், நூற்றொன்றாவது தடவை பக்கத்து மெமரியில் எழுதும்.

இவிபி என்கோட் பிளாக் 48 பைட்டை 64 எழுத்தாக மாற்றும், கூடவே முடிவில் ஒரு பூஜ்ஜியம் எழுதும். 65 வேண்டும். எதிர்த்திசையில் டிகோட் பிளாக் 64 எழுத்துக்கு எப்போதும் 48 என்றே சொல்லும். கடைசியில் உள்ள சமக்குறிகளுக்கான பூஜ்ஜியங்களையும் சேர்த்துத்தான் அந்த 48. அவற்றை நாமே கழிக்க வேண்டும்.

ஐ2டி எக்ஸ்509 போன்ற ஃபங்ஷன்கள் நாம் கொடுக்கும் பாயின்டரை நகர்த்திவிடும். மாலாக்கில் கிடைத்த பாயின்டரையே கொடுத்து, பிறகு அதையே ஃப்ரீ செய்தால் ஹீப் கெடும். முதலில் நல் கொடுத்து நீளம் கேளுங்கள், ஒதுக்குங்கள், இன்னொரு வேரியபிளில் நகல் வைத்து அந்த நகலைக் கொடுங்கள். இப்படி நீளம் கேட்டு ஒதுக்கும் முறையிலும் லைப்ரரியே தவறியது உண்டு. சிவிஇ-2021-3711-ல் எஸ்எம்2 என்ற குறியாக்க முறையின் டிக்ரிப்ட் முதல் முறை குறைவான நீளம் சொல்லி, இரண்டாம் முறை அதைத் தாண்டி எழுதியது. 1.1.1எல்-லில் மூடினார்கள்.

அதே 1.1.1எல் மூடிய இன்னொன்று சிவிஇ-2021-3712. ஏஎஸ்என்1 (சர்டிபிகேட் எழுதப்படும் தரவு அமைப்பு) ஸ்ட்ரிங்கின் கடைசியில் பூஜ்ஜியம் இருக்கும் என்று கோடு நம்பியது. அந்த ஸ்ட்ரிங்குக்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை. நீங்களும் அதில் எஸ்டிஆர்லென், பிரிண்ட்எஃப் எதையும் போடாதீர்கள். ஏஎஸ்என்1 ஸ்ட்ரிங் லெங்த் தரும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள்.

யார் ஃப்ரீ செய்வது என்ற குழப்பத்தில்தான் இரட்டை ஃப்ரீ வருகிறது. பெயரில் கெட்0 இருந்தால் அது லைப்ரரியின் சொத்து, தொடாதீர்கள். கெட்1 என்றால் உங்கள் பொறுப்பு, ஃப்ரீ செய்யுங்கள். எண் இல்லாத பழைய பெயர்களில்தான் ஆபத்து: எஸ்எஸ்எல் கெட் பியர் சர்டிபிகேட் தருவதை ஃப்ரீ செய்ய வேண்டும், எக்ஸ்509 கெட் சப்ஜெக்ட் நேம் தருவதை ஃப்ரீ செய்யக் கூடாது. ஊகிக்காமல் மேன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

கீயை அழிக்க மெம்செட் போட்டால், "இதை யாரும் பிறகு படிக்கவில்லையே" என்று கம்பைலரே அந்த வரியைத் தூக்கிவிடும். ஓப்பன்எஸ்எஸ்எல் க்ளென்ஸ் பயன்படுத்துங்கள்.

நீளம் ஒப்பிடும்போது கூட்டாமல் கழித்து ஒப்பிடப் பழகுங்கள். "இருக்கும் இடம் கூட்டல் வரும் நீளம், மொத்தத்தைவிடப் பெரிதா" என்று எழுதினால், நீளம் மிகப் பெரிதாக வரும்போது கூட்டல் சுழன்று சின்ன எண்ணாகிவிடும். "வரும் நீளம், மீதமுள்ளதைவிடப் பெரிதா" என்று கேளுங்கள். ஷா3 என்ற ஹாஷ் முறையின் மூல நிரலில் இருந்த சிவிஇ-2022-37454 இந்த இன்டிஜர் சுழற்சிதான்; பைத்தானும் பிஎச்பியும் அந்த நிரலை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியதால் இரண்டுக்கும் பரவியது. பிஎச்பியில் 7.4.33, 8.0.25, 8.1.12 பதிப்புகள் அதை மூடின. மேலே சொன்ன 3602-ஓ, "பெரிது" என்ற குறி இருந்த இடத்தில் "பெரிது அல்லது சமம்" இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அரேயின் ஒரு உறுப்பு நான்கு பைட் என்பதால் நான்கு பைட் தாண்டியது.

பிடிப்பது எப்படி

தனி பில்ட் ஒன்று வையுங்கள். ஜிசிசியோ க்ளாங்கோ, அட்ரஸ் சானிடைசரை (மெமரி எல்லை தாண்டினால் உடனே நிறுத்திக் காட்டும் வசதியை) இயக்கி, மைனஸ் ஜி, மைனஸ் ஓ1, ஃப்ரேம் பாயின்டரை விடாதே என்ற மூன்று கொடிகளோடு கம்பைல் செய்யுங்கள். வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெமரி கூடுதலாகப் பிடிக்கும். இது சோதனைக்கு மட்டும், வாடிக்கையாளரிடம் போகும் பில்டில் வேண்டாம். அங்கே ஸ்டாக் ப்ரொடக்டர் ஸ்ட்ராங், ஃபோர்ட்டிஃபை சோர்ஸ் 2, பிஐஇ, ஃபுல் ரெல்ரோ என்ற பாதுகாப்புக் கொடிகள் போதும். ஃபோர்ட்டிஃபை வேலை செய்ய ஆப்டிமைசேஷன் இயங்கியிருக்க வேண்டும்.

லைப்ரரியையும் சேர்த்தே சானிடைசரோடு கட்டுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் கான்ஃபிகில் எனேபிள் ஏசான், நோ ஷேர்டு, நோ ஏஎஸ்எம் என்று கொடுக்க வேண்டும். அசெம்ப்ளி கோடுக்குள் சானிடைசரின் கண் போகாது. நோ ஏஎஸ்எம் கொடுக்காவிட்டால் அந்தப் பகுதியில் நடக்கும் தவறுகள் தெரியாமல் போகும்.

பழகுவதற்கு, நெட்வொர்க் துண்டித்த விர்ச்சுவல் மெஷினில் 1.0.1எஃப்-ஐக் கட்டி, டிஎல்எஸ் இணைப்பைத் தொடங்கிய பிறகு அந்த எட்டு பைட்களை உங்கள் சர்வருக்கே அனுப்பிப் பாருங்கள். 255, 255-க்குப் பதில் 64, 0 போட்டால், அதாவது 16,384 பைட் கேட்டால், சானிடைசர் பேசாமல் இருக்கலாம். படிக்கும் பஃபரே சுமார் 17 கேபி இருப்பதால், 16,384 அதற்குள்ளேயே அடங்கிவிடும். வெளியே போவது அதே பஃபரில் முன்பு கிடந்த பழைய தரவு. கசிவு கசிவுதான், ஆனால் எல்லை தாண்டவில்லை. 65,535 கேட்டால் ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, ரீட் என்று ஸ்டாக் டிரேஸோடு (தவறு நடந்த ஃபங்ஷன்களின் பட்டியலோடு) நிற்கும். அந்தக் காலத்து ஓப்பன்எஸ்எஸ்எல் விடுவித்த பஃபர்களைத் தன் சொந்தப் பட்டியலில் வைத்து மறுபடி பயன்படுத்தியதும் இப்படித்தான் கருவிகளின் கண்ணை மறைத்தது. நோ பஃப் ஃப்ரீலிஸ்ட்ஸ் என்று வரையறுத்துக் கட்டுங்கள். சானிடைசர் அமைதியாக இருந்தால் கோடு சுத்தம் என்று எழுதிக் கொடுக்க முடியாது.

அடுத்தது ஃபஸ்ஸிங், அதாவது மாற்றி மாற்றி உருவாக்கிய உள்ளீடுகளைக் கொடுத்து புரோகிராம் விழுகிறதா என்று பார்ப்பது. க்ளாங்கில் ஃபஸ்ஸர், அட்ரஸ் இரண்டையும் சேர்த்து இயக்கி, வரும் பைட்களை டி2ஐ எக்ஸ்509-க்குக் கொடுத்து, கிடைத்தால் ஃப்ரீ செய்யும் பத்து வரி ஃபங்ஷன் போதும். விதையாக நிஜ சர்டிபிகேட்களைக் கொடுங்கள், டிஇஆர் (நேரடி பைட்) வடிவத்தில். எழுத்து வடிவமான பெம் கொடுத்தால் ஃபஸ்ஸர் வாசலிலேயே தலையை முட்டிக்கொண்டிருக்கும். விதை இல்லாமல் விட்டால் உள்ளீட்டு நீளம் 4,096 பைட்டோடு நின்றுவிடும். மேக்ஸ் லென்னை நீங்களே பெரிதாக வையுங்கள். என்எஸ்எஸ்ஸில் இருந்த சிவிஇ-2021-43527 இதற்குச் சாட்சி. கையொப்பத்துக்கு 2,048 பைட் பஃபர் வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய கீ வந்தால் அப்படியே வழிந்தது. பல ஆண்டுகள் ஃபஸ்ஸ் செய்தும் அகப்படவில்லை. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகவே சோதித்ததும், பல ஃபஸ்ஸர்களில் 10,000 பைட் வரம்பு இருந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. 2021 டிசம்பரில் 3.73-ல் மூடப்பட்டது. எனவே சர்டிபிகேட்டைப் பிரிப்பதோடு நிறுத்தாமல், கையொப்பத்தைச் சரிபார்க்கும் வரை ஒரே இலக்கில் ஓட்டுங்கள்.

லேப் மெஷினில் இரவு முழுக்க விடும்போது மெமரி வரம்பு இயல்பாக 2,048 எம்பி. 4 ஜிபி ராம் உள்ள மெஷினில் இரண்டு வொர்க்கருக்கு மேல் வேண்டாம். காலையில் க்ராஷ் என்று தொடங்கும் கோப்பு இருந்தால், அதே புரோகிராமுக்கு அந்தக் கோப்பை மட்டும் கொடுத்து மறுபடி விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மினிமைஸ் க்ராஷ் கொடுத்து சிறிதாக்குங்கள். டிரேஸின் மேல் வரிகள் உங்கள் கோடில் இருந்தால் திருத்துங்கள். லைப்ரரிக்குள் இருந்தாலும் முதலில் நீங்கள் அழைத்த விதத்தைச் சரிபாருங்கள், பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும். உண்மையிலேயே லைப்ரரியின் ஓட்டை என்றால், வாட்ஸ்அப் குழுவிலோ கிட்ஹப் இஷ்யூவிலோ போடாமல், அந்த லைப்ரரி தன் தளத்தில் கொடுத்திருக்கும் பாதுகாப்பு மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்புங்கள்: பதிப்பு, கம்பைல் கொடிகள், சுருக்கிய க்ராஷ் கோப்பு, முழு டிரேஸ். திருத்தம் வெளியான பிறகு அந்தக் க்ராஷ் கோப்பை உங்கள் டெஸ்ட் அடைவில் சேர்த்து, ஒவ்வொரு பில்டிலும் ஓட விடுங்கள்.